ஒரு மரம், ஊர்ப்பட்ட பெயர்ப்பலகை

தையல் கடை அக்காவுக்கு வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். கணவர் போன பிறகு ஒற்றை மெஷினை மிதித்தே மகளைக் கரை சேர்த்தவள். யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. ஒட்டினாற்போல் குப்பை கொட்டும் காலிமனை.

அந்த மனையை நகராட்சி தெருச் சங்கத்திடம் ஒப்படைத்தது. இரண்டு வருடத்தில் மரம் நின்றால் தோட்டம், இல்லாவிட்டால் வண்டி நிறுத்துமிடம். சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஒரு கன்று, கன்றுக்கு ஒரு பெயர்ப்பலகை, பலகையோடு ஒரு போட்டோ. அக்காவும் ஒரு கன்று கேட்டாள்.

"வாடகைக்கு இருக்கறவங்களுக்குக் கிடையாதும்மா," என்றார் சங்கத் தலைவர்.

"ஏன் சார், செடி என்ன பத்திரம் பார்த்துட்டுத்தான் வேர் விடுமா?"

தலைவருக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

தண்டு கோணல் என்று ஒரு கன்றை அவர்கள் மூலையில் எறிந்திருந்தார்கள். அக்கா அதை எடுத்து அதே மனையில் தன் கடைச் சுவரோரம் நட்டு, தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். சங்கத்தாரோ பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவார் என்று ஆளாளுக்கு நம்பியதில், அவர்கள் கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின.

அப்போதுதான் அந்தப் பெரிய மனிதர்களின் மூளை வேலை செய்தது. கன்று செத்தவரெல்லாம் தத்தம் பலகையைக் கழற்றி வந்து, அக்காவின் மரத்தில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார்கள். முதலில் எதிர்வீட்டுப் பல் டாக்டர். பிறகு மற்றவர்கள். தலைவர் பலகை எல்லாவற்றுக்கும் மேலே.

"பெத்தது நானு, பேரு வைக்க இத்தனை அப்பனா?" என்று அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கியது. மேலிலைகள் பழுத்தன. பதறிப்போய்த் தலைவரிடம் ஓடினாள்.

"நகராட்சி ஆபீசர் பார்க்க வர்றாரும்மா. வந்துட்டுப் போகட்டும், அவிழ்த்துடலாம்."

"அதுக்குள்ள செத்துடும் சார்!"

"மரம்தானேம்மா, ஒண்ணும் ஆகாது."

அன்றே துணி வெட்டும் கத்தரியால் அத்தனை கம்பியையும் அறுத்தாள். கத்தரி பல்லிளித்துவிட்டது. பலகைகளை அள்ளித் தலைவர் வீட்டு வாசலில் கொட்டினாள்.

மரம் பிழைத்தது. ஆபீசர் வந்தார், அதைத் தட்டிப் பார்த்தார், சங்கத்தின் உழைப்பைப் பாராட்டி மனையைச் சங்கத்துக்கே கொடுத்தார். உடனே சுற்றிலும் கம்பி வேலி, கதவு, பூட்டு. சாவி உறுப்பினர்களுக்கு மட்டும்.

"அப்ப தண்ணியையும் உறுப்பினருங்களே ஊத்தட்டும்," என்று அக்கா குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

கோடை கொளுத்தியது. சங்கம் வேலிக்குப் பெயின்ட் அடித்தது. மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. காயட்டும், அப்போதாவது இவர்கள் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்று அக்கா மெஷினை மிதித்தாள். இலைகள் துவண்டு தொங்குவது அங்கிருந்தே தெரிந்தது. ஒரு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் மாற்றியே தைத்தாள்.

சட்டையை வீசிவிட்டு, மொட்டை வெயிலில் குடத்தோடு வேலியருகே போனாள். கம்பி இடுக்கில் ஊற்றியதில் பாதி அவள் காலிலேயே கொட்டியது. முதல் குடத்துக்குத் தலைவரைத் திட்டினாள். அடுத்த குடத்துக்குப் பல் டாக்டரை. அதற்கடுத்த குடத்தைச் சாய்க்கும்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவனுங்களுக்குத்தான் புத்தியில்ல. உனக்கு எங்கடி போச்சு? இத்தனை நாள் காயப் போட்டியே, பாவி!"