குழல் விளக்கின் கீழே ஈரத்துணி

1976 ஜூலை 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மழை. பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை முடித்துவிட்டு, நாற்றங்கால் கண்ணாடி வீட்டுக்குப் போய் விளக்குகளை ஏற்றினேன். தேவிகுளத்துக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் ஜூன் பிறந்துவிட்டால் வெயில் கிடையாது. அதனால் அந்த ஆண்டு தேயிலைக் கன்றுகளுக்கு மேலே குழல் விளக்குகளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தோம். காலையில் ஏற்றுவதும் மாலையில் அணைப்பதும் என் பொறுப்பு.

கன்றுகள் தேறவில்லை. இலை வெளுத்து, தண்டு நூல்போல் நீண்டது. மாத முடிவுக்குள் தேறாவிட்டால் விளக்கைக் கழற்றிவிட்டுப் பெண்களைக் கொழுந்து பறிக்க அனுப்பும்படி மேனேஜர் துரை சொல்லியிருந்தார். அங்கே வேலை செய்தவர்கள் இருவர். ஒருத்தி வயதானவள். மற்றவள் கைக்குழந்தைக்காரி; மழையில் மலையேறாமல், இடையில் லயத்து வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்து வர வசதியான வேலை அவளுக்கு வேறு கிடையாது.

அன்று மழை வலுத்ததால் மேற்பார்வைக்குப் போன கொழுந்துக்காட்டிலிருந்து பாதியில் கண்ணாடி வீட்டுக்குத் திரும்பினேன். நான் போனபின் யாரோ விளக்குகளைக் கூரையை ஒட்டித் தூக்கி மாட்டியிருந்தார்கள். அவற்றின் கீழே கயிற்றில் பிள்ளைத்துணி.

“அடுப்புக்கு மேல போட்டா ஒரே புகைங்கய்யா, பிள்ளை இருமுது. செடிக்குப் போக மிச்ச வெளிச்சந்தானேன்னு நெனச்சேன்” என்றாள் இளையவள்.

“டியூப் லைட்டுல சூடு ஏதுட்டி? மூணு நாளா காயப்போடுதா, பிழிஞ்சா இன்னும் தண்ணி வருது” என்று சிரித்தாள் மூத்தவள்.

“மிச்சம்னு ஒண்ணு இல்லம்மா. வெளக்கத் தூக்கிட்டா கன்னுக்கு வெளிச்சம் எட்டாது. கன்னு போச்சுன்னா நீயும் கொழுந்துக்காட்டுக்குத்தான்” என்றேன். அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

திட்ட எனக்குத் தெம்பில்லை. ஃபாக்டரிக்குப் போய், உலர்த்தும் அறையில் துணி போட இடம் கேட்டேன்.

“தூளு எந்த வாடையையும் இழுத்துக்கிடும் சார். கப்புல மூத்திரம் மணந்தா துரை என்னையில்ல தேடுவாரு!” என்றார் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கர். பிறகு அவரே, “அடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் தகரச் சாய்ப்பு இருக்கு. அங்க கட்டிக்கிடச் சொல்லுங்க” என்றார்.

திரும்பிவந்து அவளிடம் சொன்னேன். மீதி நாட்களுக்குள் கன்றுகள் தேறுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை முதல் வேலையாக, விளக்குகளை இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினோம். ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டாள். யாரும் தூக்கிவிடாதபடி கொக்கிகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டச் சொன்னதும் அவள்தான்.