சோதினைக்குப் படிக்கும் கிறிஸ்தோப்பர்

கியூபெக்கின் லாசால் பகுதியில் அக்னெஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட முடியாது. மேசை முழுக்க அவள் புருசன் கிறிஸ்தோப்பரின் மின்சாரப் புத்தகங்கள். புருசன், மனைவி, மகள் ஜொய்சி மூன்று பேரும் சோபாவில் இருந்து சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டே பழகிவிட்டார்கள்.

கிறிஸ்தோப்பர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த மின் பொறியியலாளர். கியூபெக்கில் எஞ்சினியராக வேலை செய்ய இங்கத்தைச் சோதினை எழுதி உரிமம் எடுக்க வேணும். அதுவரைக்கும் என்று சொல்லி, சுவிச் போர்டு பூட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அந்த 'அதுவரைக்கும்' தொண்ணூற்றொன்பதில் தொடங்கி இரண்டாயிரத்து நாலு வரை இழுபட்டது.

மனுசன் படிக்கவில்லை என்று ஒருத்தரும் சொல்ல ஏலாது. பச்சைப் பேனையால் சூத்திரம், சிவப்பால் விடை என்று ரசித்து ரசித்துப் படிப்பார். அக்னெஸ் வெங்காயம் உரித்தால் பக்கத்தில் வந்து நின்று, மூன்று கம்பியில் ஒன்று அறுந்து நிலத்தில் விழுந்தால் மற்ற இரண்டும் என்ன பாடுபடும் என்று விளங்கப்படுத்துவார். கேட்டுக் கேட்டு அவளுக்கே பாதி பாடம். ஆனால் சோதினைக்குப் பேர் குடுக்கிற நேரம் வந்தால் மட்டும் ஏதாவது முளைத்துவிடும். ஒருமுறை ஜொய்சிக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை விழா. ஒருமுறை புத்தகத்தின் புதுப் பதிப்பு வரப்போகுதாம். இன்னொருமுறை குளிர்.

அந்த வருச மாசி மாதம் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, பாட்டுக்குழு றெஜினா கேட்டாள். "அண்ணை, எப்ப சோதினை?"

"மேயிலை, தங்கச்சி."

பஸ்ஸில் வரும்போது அவர் மெல்ல ஆரம்பித்தார். "நவம்பரிலை எழுதினா இன்னும் வடிவாச் செய்யலாம் போல கிடக்கு."

அக்னெஸ் வீட்டுக்கு வந்து கோயில் சுவாமியாருக்குப் போன் எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, மன்றாட்டு வாசிக்க றெஜினா எழும்பினாள். "வருகிற மே மாதம் மின் பொறியியல் சோதனை எழுதவிருக்கும் எமது சகோதரர் கிறிஸ்தோப்பருக்காக மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். பழக்கதோசத்தில் கிறிஸ்தோப்பரும் சேர்ந்து சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று ஓடி விளங்கியது. மெல்லத் திரும்பி மனுசியைப் பார்த்தார். அக்னெஸ் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசை முடிய ஆளாளுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டாக்சி ஓடுகிற டனிஸ்ரன், "சோதினையண்டைக்கு நான்தான் உங்களை ஏத்திக்கொண்டு போவன்" என்று அடித்துச் சொன்னான்.

வீட்டுக் கதவு சாத்தினதுதான் தாமதம். "இஞ்சாரும், என்ன வேலை பாத்தனீர்? கோயிலே இப்ப என்ரை முகத்தைப் பாக்குது!"

"அப்ப எழுதுங்கோவன்."

"பெயில் விட்டா?"

அந்தச் சொல்லை அவர் வாயில் அவள் கேட்டதே இல்லை. அவர் சோபாவில் இருந்துவிட்டார். "கம்பசிலை நான் ஒரு பாடமும் பெயில் விட்டதில்லை அக்னெஸ். இஞ்சை வந்தாப் பிறகு எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான்."

இவ்வளவு காலமும் பஞ்சி, சோம்பல் என்று அவள் நினைத்தது பயம். அவளுக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பக்கத்தில் போய் இருந்தாள். "எழுதாமல் வைச்சிருந்தா மட்டும் அது பாஸோ?"

அவர் திங்கட்கிழமை போய் மின்வலு, எஞ்சினியருக்கான பொருளாதாரம் என்று இரண்டு பாடத்துக்குப் பேர் குடுத்தார்.

அதோடு கலர்ப் பேனைகள் மூடுண்டன. பழைய கேள்விகளை நேரம் வைத்துச் செய்யத் தொடங்கினார். ஜொய்சி மணிக்கூட்டோடு முன்னால் நின்று, நேரம் முடிந்ததும் "ஃபினி, பப்பா!" என்று பிரெஞ்சில் கத்தித் தாளைப் பறிப்பாள். அதில் அவளுக்குத் தனிச் சந்தோசம்.

சோதினைக்குப் புத்தகம் கொண்டுபோகலாம். அவர் பெரிய சூட்கேசில் எல்லாவற்றையும் அடைத்தார். "என்ன அண்ணை, எயாப்போட்டுக்கோ?" என்று கேட்டுக்கொண்டே சோதினை நாள் காலையில் டனிஸ்ரன் அதைத் தூக்கி டிக்கிக்குள் போட்டான். தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக் குசினியில் லீவு சொல்லிவிட்டு வந்த அக்னெஸ் சோதினை மண்டபத்துக்கு எதிரே கோப்பிக் கடையில் காத்திருந்தாள். பின்னேரம் சூட்கேசை உருட்டிக்கொண்டு வந்தவர், "உந்தப் புத்தகங்களைத் திறக்கவே நேரமில்லை" என்றார். முகம் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

கோடையில் முடிவு வந்தது. மின்வலுப் பாடம் நல்ல பாஸ். பொருளாதாரப் பாடம் பெயில்.

கிறிஸ்தோப்பர் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். பிறகு அவராகவே றெஜினாவுக்குப் போன் எடுத்தார். "ஒண்டு பாஸ் தங்கச்சி, ஒண்டு பெயில். ஓம், ஓம், பெயில்தான்." சொல்லச் சொல்ல அவர் குரல் இலேசாகிக்கொண்டு வந்ததை அக்னெஸ் குசினி வாசலில் நின்று கேட்டாள். போனை வைத்ததும், "பசிக்குது, என்ன கறி?" என்றார்.

நவம்பரில் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணினார். அடுத்த வசந்தத்தில் நகரத்துக்குள் ஒரு கந்தோரில் மூத்த எஞ்சினியருக்குக் கீழே பயிற்சி வேலை கிடைத்தது. முதல் நாள் புதுச் சப்பாத்துப் போட்டு வெளிக்கிட்டவர், அவசரத்தில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கிப் போன் எடுத்தார்.

"அக்னெஸ், நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.