கோணல் ஸ்பேனர்

எழுபதுகளின் கடைசியில், அம்மாவின் தம்பி விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஜவ்வாது மலைக்குத் திரும்பி வந்தார். பஸ்ஸே ஒழுங்காக வராத ஊரில் விமான மெக்கானிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புளி உலுக்க அனுப்பினார்கள். மூன்று வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

மாமாவிடம் ஒரு கித்தான் பை இருந்தது. அதில் இரண்டு இடத்தில் வளைந்த ஒரு ஸ்பேனர். பழைய விமான இன்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். அவற்றின் அடியில் இருக்கும் நட்டுகளுக்கு நேரான ஸ்பேனர் நுழையாது. அதற்கென்றே வளைத்துச் செய்தது அது. சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்தாராம். எங்களுக்குச் சொல்லாமல் இல்லை; யார் காதில் வாங்கினோம்? “கம்பியும் கோண, ஆளும் கோண” என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அழுகை வரும்.

அப்போதுதான் பருத்திக் காடுகளுக்கு விமானத்திலிருந்து மருந்தடிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடையது பழைய இன்ஜின். அதற்கான ஸ்பேனர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, கையோடு கொண்டுவந்தால் வேலை நிச்சயம் என்று எழுதியிருந்தார்கள். மாமா அதை மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

அது சாமை விதைப்புக்கு முந்தைய வாரம். எல்லா வீட்டு ஏர்க்கொழுவும் கூர்தட்டக் கொல்லுப்பட்டறைக்குப் போகும். எங்கள் வீட்டுக் கொழுவைக் கொண்டுபோனது எட்டு வயதுப் பெண்ணான நான். மறுநாள் மாமா கிளம்புகிறார். போகிற இடத்திலும் கோணல் என்று சிரித்துவிட்டால்? ஸ்பேனரையும் கூடையில் போட்டுக்கொண்டேன்.

கொல்லர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேணும்னே கோணயா செஞ்ச மாரி கீது. மாமா நிமித்தச் சொன்னாரா பாப்பா?”

“சொன்னாரு” என்றேன்.

பழுக்கக் காய்ச்சி நாலே அடியில் நிமிர்த்திவிட்டார். அழகாக இருந்தது. எண்ணெய்த் துணியில் பழையபடி சுற்றிப் பைக்குள் வைத்தேன். விடியலில் மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையடிவாரச் சந்தவாசலுக்கு இறங்கி நடந்தார். அவர் விசிலடித்துக் கேட்டது அன்றுதான்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டார். வேலை தெரியாதவன் என்று துரத்தியிருப்பார்கள் என்றார் அப்பா. இன்னா ஆச்சு என்று அம்மாவும் விடாமல் கேட்டாள். மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கை மறந்துபோச்சுக்கா.”

கையாலாகாதவன் என்ற பெயர் அன்றோடு அவருக்கு நிலைத்துவிட்டது. ஸ்பேனர் கன்றுக்குட்டி கட்டும் முளையாயிற்று. அது எப்படி நேரானது என்று அப்பா கேட்கவே இல்லை.

மாமாவும் கேட்கவில்லை. எவ்வளவு ஆசையாக நிமிர்த்திக் கொடுத்தேன், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அந்தக் கோபத்தில் அந்த மழைக்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.