இறந்தவர் வண்டியின் கிரவுன் பினியன்

அப்போது நான் தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்கு ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்பக்கத்திலிருந்து ஓயாமல் ஊளைச் சத்தம் வரவே, வண்டலூர் பக்கம் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் சேகரிடம் போனேன். அவர் பின்சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களிலும் பற்கள் தேய்ந்திருந்தன.

"இதே மாடல் வண்டி ஒண்ணு பின்னால கீது. அதுலேர்ந்து ஜோடியா கழட்டி மாட்டிடலாம்," என்றார்.

அந்த வேனின் முகப்பு நசுங்கியிருந்தது. ஓட்டியவர் விபத்தில் இறந்துவிட்டாராம். வீட்டார் அதை உடைக்கக் கொடுத்துவிட்டார்களாம். சேகர் அடியில் படுத்துக் கழற்றும்போது ஒரு பெண் வந்து நின்றார். இறந்தவரின் மனைவி. வண்டியிலிருந்த சாமி படத்தை எடுத்துப்போக வந்திருந்தார்.

திருடும்போது பிடிபட்டவன் போல எனக்கு உடம்பு கூசியது. "வேணாம்னா சொல்லுங்கக்கா, விட்டுடறோம்," என்றேன்.

"அத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்? எடுத்து மாட்டுண்ணா."

ஆனாலும் அவர் போகவில்லை. சாயங்காலம் வேலை முடியும்வரை அங்கேயே இருந்தார். பிறகு, "தாம்பரம் வரைக்கும் நானும் வரட்டா?" என்று கேட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஊளைச் சத்தம் அடியோடு நின்றிருந்தது. பீர்க்கன்கரணை தாண்டியதும், "நல்லா ஓடுதாண்ணா?" என்றார்.

தலையை ஆட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அதன்பின் பல வருடம் அந்த வண்டியை ஓட்டினேன். ஒருமுறைகூட அது என்னை வழியில் நிறுத்தவில்லை. அதற்காக நிம்மதிப்பட மட்டும் என்னால் முடிந்ததேயில்லை.