முத்துமாரி அக்காவுக்கு வந்த போன்

கந்தர்வக்கோட்டையில் பிளஸ் போட்ட வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் எல்லோரும் கட் பண்ணுவார்கள். முத்துமாரி அக்கா மட்டும் எடுப்பார். எடுத்துத் திட்டுவார். பக்கத்துத் தெரு ரிட்டையர்டு வாத்தியாரை யாரோ ஒருவன் வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு ரெண்டு நாள் வீட்டை விட்டு நகரவிடாமல் உட்கார வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஊரைக் காப்பாற்றுகிற பொறுப்பை அக்கா தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் திட்டுவார். எதிர் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசோடு அக்காவின் வெல்டிங் பட்டறை வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

முழுப் பெயர் முத்துமாரியம்மாள், வயது ஐம்பத்து நான்கு. தஞ்சாவூர் ரோட்டில் கிரில், கேட், மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் என்று எல்லா வெல்டிங் வேலையும் செய்கிற பட்டறை அவருடையது. ஆரம்பித்தவர் அவருடைய வீட்டுக்காரர் நாகராசு அண்ணன். ஆரம்பித்த மறு வருடமே, "ரெண்டே வருஷம், போயிட்டு ஓடி வந்திர்றேன்" என்று குவைத்துக்குப் போனார். அந்த ரெண்டு வருஷம் இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதற்குள் அக்கா டேப் பிடித்து அளவெடுக்கப் பழகி, வெல்டிங் ராடு பிடிக்கப் பழகி, கூலிக்கு வந்த ஆம்பிளைகளை அதட்டவும் பழகிவிட்டார். ஒரே மகளை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்ததும் இந்தக் கையால்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவள் எதற்கு நடுவில் மூக்கை நுழைக்கிறாள் என்று தோன்றும். நான் அழகி. என் வீட்டுக்காரர் சேரன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான்கு வருடம் அக்கா பட்டறையில் வெல்டராக இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனார். மகள் அன்புமொழி அப்போது வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது.

அங்கே அவருக்கு இருக்கிற வேலை அனுமதியில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை பதினைந்து நாள் வருவார். முதல் நாலு நாள் மகள் என் பின்னால் ஒளிந்து நிற்பாள். அப்புறம் பழகி மடியில் ஏறி உட்காரும்போது அவர் கிளம்புகிற தேதி வந்துவிடும். போனில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் எங்களை மெச்சுவார்கள். அட போங்கப்பா, சண்டை போடுகிற அளவுக்கு எங்களுக்கு நேரம் ஏது?

போன வருடம் ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி அவருக்கு வெல்டர் வேலை தர ஒத்துக்கொண்டது. திறன் பணியாளர் விசா வாங்க வேண்டும். கிடைத்தால் பொண்டாட்டி பிள்ளையும் கூடவே போகலாம். சிங்கப்பூரில் இருந்தபடியே ஒரு ஏஜெண்ட் மூலமாக விண்ணப்பித்தார். வெல்டர் வேலையில் ஐந்து வருட அனுபவம் காட்டச் சொன்னார்கள். சிங்கப்பூர் கம்பெனி காகிதத்தில் முதல் ஏழு வருடத்துக்கு 'பொதுத் தொழிலாளி' என்றே இருந்தது. கடைசி இரண்டு வருடத்துக்குத்தான் வெல்டர். ஆக, அக்கா பட்டறையில் பார்த்த அந்த நான்கு வருடம்தான் எங்களுக்குக் கதி.

கேட்ட அன்றைக்கே அக்கா லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

"போன் பண்ணி விசாரிப்பாங்களாம்க்கா" என்றேன்.

"பண்ணட்டும்டி. ஆபீசர் பண்ணா பேச எனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்த ஆபீசரும் பிளஸ் போட்ட நம்பரிலிருந்துதான் பண்ணுவார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படித்த கழுதை நான், எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

போன் வந்தபோது நான் அங்கே இல்லை. டீக்கடை திருப்பதி அண்ணன் சொல்லித்தான் தெரியும். காலை பதினொரு மணி. ஒரு பெண் குரல், சிலோன் தமிழ். "வணக்கம் அம்மா, நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். சேரன் என்பவர் உங்களிடம் வேலை செய்தவரா?" என்று கேட்டிருக்கிறது.

"சேரன் பேரு வரைக்கும் புடிச்சிட்டியளா?" என்று அக்கா பிடித்துக்கொண்டார். "அவன் பேரச் சொன்னா நான் மயங்கிப் போயி ஓடிபி சொல்லிருவேன்னு நெனச்சியா, வெளங்காதவளே! எந்தச் சேரனையும் எனக்குத் தெரியாது. வைடி போன, கட்டையில போறவளே!"

வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்களாம்.

அன்று சாயங்காலம் சேரன் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "அக்காவுக்கு எம்மேல எதுவும் வருத்தமா அழகி? என்னையத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டாங்களாம்" என்றார். பத்து வேலை நாளுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்கள். அதிலும் இப்படி ஆனால் அந்த நான்கு வருடம் கணக்கில் வராது, விண்ணப்பம் அதோடு போச்சு என்று ஏஜெண்ட் எழுதியிருந்தாராம்.

எனக்குக் கோபம் வந்தால் காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டேன். மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு பட்டறைக்குப் போய்விட்டேன்.

"ஏங்க்கா, என் வீட்டுக்காரரத் தெரியாதா ஒங்களுக்கு? நாலு வருஷம் ஒங்க சோத்தத் தின்னவரு தெரியாதா? புடிக்கலைன்னா லெட்டர் குடுத்திருக்கக் கூடாது. குடுத்துட்டு எங்க குடியக் கெடுப்பீங்களா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "என்னடி சொல்ற?" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனது. அப்படியே இரும்புப் பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சிலோன்காரியா? அய்யய்யோ... என் வாயில மண்ணப் போட. ஆபீசரையாடி அப்படிப் பேசினேன்?"

அப்போதே அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மணியே அடிக்கவில்லை. பத்து தடவை போட்டார். நான் அழுதேன். திட்ட வந்த எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து கட்டிங் மெஷினை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தார். அந்தச் சத்தத்தில் மணி கேட்காது. கேட் செய்யச் சொல்லி வந்தவர்களிடம், "பத்து நாளைக்கு வெல்டிங் மட்டுந்தான், வெட்டுற வேலை கெடையாது, இங்கிட்டு நிக்காதீங்க" என்று விரட்டினார். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எந்த நம்பர் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"வணக்கம்ங்க, முத்துமாரியம்மாள் பேசுறேன். சேரன் எங்கிட்டதாங்க வேலை பாத்தான், நல்ல புள்ளைங்க..."

அந்தப் பக்கம் யாரோ லோன் வேண்டுமா என்று கேட்பான். இன்னொருத்தன் லாட்டரி விழுந்திருக்கிறது என்பான். ஒருத்தனையும் அக்கா திட்டவில்லை. "வேணாம்ங்க தம்பி, வச்சிர்றேங்க" என்பார். திட்டினால் அது ஆபீசர் காதில் மறுபடியும் விழுந்துவிடுமோ என்று பயம். டீக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து ஏமாந்து திரும்பினார்கள்.

நானும் தினமும் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் நாகராசு அண்ணனைக் கிட்டத்தில் பார்த்தேன். குவைத்திலிருந்து மொத்தமாக வந்து மூன்று வருடம் ஆகிறது. மத்தியானம் அவரே சமைத்து, கேரியரில் கொண்டுவந்து வைப்பார். "சாப்பாடு வச்சிருக்கேங்க" என்பார், கட்டின பெண்டாட்டியைப் பார்த்து. "சரிங்க, வச்சிட்டுப் போங்க" என்பார் அக்கா. அண்ணனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்பார். அவருடைய துணிமணியெல்லாம் இன்னும் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். பீரோவில் ஒரு தட்டு காலி பண்ணிக் கொடுத்தும் வைக்கவில்லையாம். தின்ற தட்டைத் தானே கழுவிவிடுகிறாராம். ஊரில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்றார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஏழாவது நாள், சரியாகப் பன்னிரண்டரைக்கு போன் வந்தது. அதே பெண் குரல். அக்கா ஸ்பீக்கரைப் போட்டதும் முதல் வேலையாக, "தாயி, அன்னைக்கிப் பேசினதுக்கு மன்னிச்சிரு. திருட்டுப் பயலுகன்னு நெனச்சுப் பேசிட்டேன்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டது. "பரவாயில்லை அம்மா, இதைவிடக் கனக்க வாங்கியிருக்கிறன்" என்றது. அதற்குப் பின்னால் ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் கேள்வி கேட்க, அந்தப் பெண் தமிழில் சொன்னது.

சேரன் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வேலை பார்த்தார், நாளைக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அக்கா தலையை ஆட்டி ஆட்டி, போனுக்குத் தெரியும் என்பதுபோலப் பதில் சொன்னார். டிக் வெல்டிங் என்கிற நுட்பமான வெல்டிங்கும் செய்தாரா என்று ஒரு கேள்வி வந்தது.

"அந்த மெஷின் எங்கிட்ட இல்லைங்க. இங்க சாதா ஆர்க் வெல்டிங் மட்டுந்தான். அது அவன் சிங்கப்பூருல கத்துக்கிட்டிருப்பான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று அவர் தொடையைக் கிள்ளினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

கடைசிக் கேள்வி. "அவர் ஏன் வேலையை விட்டுப் போனவர்?"

நல்ல சம்பளம் கிடைத்தது, போனான் என்று சொன்னால் முடிந்தது. லைன் கட்டாகிவிட்டதா என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டது.

"அவனா போகலைங்க. நான்தான் போகச் சொன்னேன்" என்றார் அக்கா. "கல்யாணம் ஆன புதுசு, போக மாட்டேன்னுதான் சொன்னான். ரெண்டே வருஷம் போயிட்டு வாடா, அப்பறம் ராசா மாதிரி இருக்கலாம்னு நான்தாங்க ஏத்திவிட்டேன்."

இது எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாகச் சேரனும் சொன்னதில்லை, அக்காவும் சொன்னதில்லை. நான் அக்காவையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க ரெண்டு வருஷம்னு போனாரு. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வந்தாரு. நல்ல மனுஷன், ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியலங்க. ஒரே வீட்டுல விருந்தாளியாட்டம் இருக்கோம். இப்ப இந்தப் புள்ளையும், சேரன் பொண்டாட்டி, எம் பக்கத்துலதான் ஒக்காந்துருக்கா. அவளுக்கும் அப்படி ஆயிருமோன்னு எனக்குப் பயமா இருக்குங்க. ஏற்கெனவே ஒம்போது வருஷம் ஆச்சு. அவன் வேலை தெரிஞ்சவன், அதச் சொல்லிட்டேன். இதையும் அவருகிட்ட சொல்லிரு தாயி."

அந்தப் பெண் அதை வரி விடாமல் இங்கிலீஷில் சொன்னது. ஆண் குரல் ஏதோ சுருக்கமாகப் பேசியது.

"இதை எழுத அவருடைய படிவத்தில் இடம் இல்லையாம் அம்மா. ஆனால் கேட்டுக்கொண்டாராம்" என்றது.

போனை வைத்த பிறகுதான் பார்த்தோம், வாசலில் கேரியரோடு நாகராசு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அக்கா எழுந்துவிட்டார். அவர் கேரியரை வைத்தார். வழக்கமாகப் போவதுபோலப் போகவும் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாச்சு என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்கா மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. அக்கா அனுப்பிவைக்காவிட்டாலும் வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆனால் அனுப்பினேன் என்று ஒத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. டிக் வெல்டிங் பேச்சால்தான் போச்சு என்று நானே முடிவுகட்டி, சேரனிடம் சொல்லாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை அவர் கூப்பிட்டார். பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. "என்ன மாமா, என்ன மாமா" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம்தான், "வந்திருச்சு அழகி" என்றார்.

பட்டறைக்கு ஓடினேன். கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாகராசு அண்ணன் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்ள, அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். "நேரா புடிங்கன்னா! கண்ணு எங்க இருக்கு?" என்று அவரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார்.

"விசா வந்திருச்சுக்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாகராசு அண்ணன்தான் கேட்டார்.

"யாருக்கு வந்திருக்கு?"

"எங்களுக்குத்தாண்ணே. அவருக்கு, எனக்கு, புள்ளைக்கு."

"மூணு பேருக்குமா?"

"மூணு பேருக்கும்தாண்ணே."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "எனக்கு ஆறு தடவை விசா அடிச்சாங்கம்மா" என்றார். "ஆறும் ஒத்த ஆளுக்குத்தான்." நம்பாதவர் மாதிரி, "மூணு பேருக்குமா?" என்று மறுபடியும் கேட்டார். கேட்டுவிட்டு, வெட்டின குழாய்களுக்கு நடுவில் நின்று, அந்தத் தங்கமான மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அக்கா என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் வாசலைத் தாண்டும்போது அண்ணன் பக்கத்தில் போய் நின்று, 'ங்க' போடாமல், "அழு" என்றார்.