வெயிலில் பார்த்து நூல் வாங்கியவர்

சிவதாணு அத்தான் தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாவ. குடிக்க வெள்ளம் கேட்டாவ, அம்மை எடுத்துட்டு வாறதுக்குள்ள..." மரச்சீனியைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஓடும் வழியில் எனக்கு முதலில் தோன்றிய எண்ணத்தை மறைத்தால் அது அஞ்சலியாகாது. இனிமேல் சனிக்கிழமைகளில் பகவதி அக்கா யாரோடு நூல் வாங்கப் போவாள்? இதுதான் தோன்றியது.

எங்களை அறிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். அத்தான்மேல் எனக்கிருந்த பொறாமை திருப்புறம் முதல் கள்ளிக்காடு வரை பிரசித்தம். அதை நெய்யாறு அணையில் தேக்கியிருந்தால் மதகு தெறித்திருக்கும். அக்கா எனக்குத்தான் முதலில் அக்கா. அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். வில்லேஜ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டார்.

அக்கா குரோஷா ஊசியால் போர்வை பின்னுவாள். எங்கள் பக்கத்தில் குளிர் என்பது பிறர் சொல்லிக் கேள்விப்படுவது. அக்காவின் போர்வைக்கு மரியாதை செய்வதற்காகவே மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கழுத்துவரை கம்பளிக்குள் படுத்தவர் அத்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் துணிப்பையோடு கிளம்புவார்கள். பாறசாலையில் ஒரு கடை, நெய்யாற்றின்கரையில் இரண்டு, கடைசியாகப் பனச்சமூட்டில் ஒன்று. அங்கே சாயா, பழம்பொரி. திரும்பும்போது மணி மூன்று. பேரரசர்கள் திக்விஜயம் போனதுகூட இத்தனை ஒழுங்காக நடந்திருக்காது. "நானும் வாறேன் அக்கா" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "எலே, நீ வந்தா கடைக்காரன்கிட்ட கதை சொல்லியே நேரத்தைத் தின்னுருவ" என்பாள்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் அடுத்த பேருந்தில் ஏறிப் பின்தொடர்ந்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கடைவாசலில், நடுவெயிலில், அத்தான் இரண்டு கைகளிலும் இரண்டு நூல்பந்துகளை ஏந்தி நின்றார். முத்துக்குளித்துறையில் நின்று மகாராஜாவுக்கு முத்து பார்ப்பவரைப்போல இருந்தது. பேருந்துகள் அவருக்காகவே வேகம் குறைத்தன என்று நான் சத்தியம் செய்வேன். கடைக்குள்ளே விளக்கொளியில் பார்த்து அவர் நூல் வாங்கியதே இல்லை. "கடைக்குள்ள எல்லா நெறமும் நல்ல பிள்ளையாக்கும். வெளிய கொண்டு வந்தாத்தான் அதுக்க கொணம் தெரியும்" என்பார்.

மின்கம்பத்தின் பின்னால் ஒளிந்திருந்த என்னைப் பார்த்துவிட்டார்.

"மக்கா, நீயும் நூல் வாங்க வந்தியா?"

"இல்ல அத்தான். பல் டாக்டரைப் பாக்க வந்தேன்."

"செரி, வாயத் தொற. வெயிலில பாத்துச் சொல்லுதேன்."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரித்த சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் பகடிக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

நிறம் பார்த்த பிறகு அவர் சீட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு நூல்பந்தையும் சுற்றியிருக்கும் தாளில் சிறிதாக ஓர் எண் இருக்கும். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறியவற்றுக்கு ஒரே எண். தொட்டி மாறினால் எண்ணும் மாறும், நிறமும் நூலிழை அளவு மாறும். "சர்வே நம்பர் மாறினா அது வேற நிலம். பச்சையா இருந்தா எல்லாம் நம்ம வயலா?" என்பது அத்தானின் வாக்கு. பின்னி முடியும்வரை முதல் பந்தின் சீட்டு அவருடைய சட்டைப்பையில் இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா மயில்நீலத்தில் ஒரு போர்வை தொடங்கினாள். இரண்டு பந்து குறைந்தது. அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. வாங்கி வைக்கவேண்டியவர் அத்தான். அவரோ குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு கிடந்தார். என் வாழ்வின் பொற்காலம் வந்துவிட்டதென்று நினைத்தேன். சீட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு பனச்சமூட்டுக்குப் பறந்தேன். கடைக்காரர் நீலத்தைக் காட்டினார். நீலம்தானே என்று வாங்கினேன். வெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. சீட்டை எடுத்துப் பார்க்கவும் இல்லை. அதற்குப் பதில் கடைக்காரரிடம் ஒரு கதை சொன்னேன்.

இலங்கையை வென்றவன்போல் வந்து பந்துகளை நீட்டினேன். அத்தான் கண்ணாடியை மாட்டி எண்ணைப் படித்தார். பிறகு என் முகத்தைப் படித்தார். "செரி மக்கா, நல்ல காரியம்" என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு எளிய வேலையையா இவர் இத்தனை காலம் பெரிதுபடுத்தினார் என்று நினைத்தபடி நான் சாயா குடித்தேன்.

அது மழைமாதம். அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்து பின்னி முடித்தாள். மழைவிட்டு முற்றத்தில் காயப்போட்டபோது போர்வையின் ஒரு முனையில் முழ அகலத்துக்கு வேறொரு நீலம். அடுத்த தாலுகா வரைக்கும் தெரிந்திருக்கும். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் தென்னைமரத்தின் பின்னால் நின்றேன்.

"நான்தான் கவனிக்காம வாங்கிட்டேன்" என்றார் அத்தான். "நல்லதாப் போச்சு. எது தலைமாடு, எது கால்மாடுன்னு தடுமாற வேண்டாம்." அன்றிலிருந்து கடைசிநாள் வரை அந்தக் கோடு கால்பக்கம் வருமாறு போர்த்திப் படுத்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமைக்கு நான் தகுதியற்றவன் என்பது ஊர்ஜிதமாகிவிடும் அல்லவா?

பதினாறு முடிந்த அடுத்த சனிக்கிழமை அக்கா துணிப்பையை என்மேல் எறிந்தாள். "எலே, வா." எத்தனையோ வருடம் தவங்கிடந்த அழைப்பு. பேருந்தில் அக்காவின் பக்கத்தில் இருந்த காலி இருக்கையில் உட்கார எனக்குக் கூசியது. உதியன்குளங்கரை தாண்டியதும் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மயில்நீலம் நான் வாங்கினதாக்கும்."

அக்கா சன்னல்பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "தெரியும்."

"அத்தான் சொன்னாவளா?"

"அவிய எங்க சொன்னாவ? நம்பர் பாக்காம வாங்குற ஆளா அவிய? அவிய எங்கிட்ட சொன்ன ஒரே பொய் அதுதான். பொய் சொல்லத் தெரியாம முழிச்சுட்டு நின்னாவ. பாக்க நல்லா இருந்து. அதனால நானும் நம்பினதுபோல இருந்துட்டேன்."

நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் எங்களைக் கண்டதும், "சாரு வந்நில்லே?" என்று மலையாளத்தில் அத்தானைக் கேட்டார். பிறகு அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். நூல்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். அக்கா இரண்டு பந்துகளை என் கையில் தந்தாள். நான் வெளியே வந்து வெயிலில் நின்றேன். எந்தப் பேருந்தும் வேகம் குறைக்கவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

"நம்பரப் பாருலே" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. பார்த்தேன். வேறு வேறு எண். உள்ளே போய் ஒன்றை மாற்றினேன்.

அந்த மயில்நீலச் சீட்டு அவருடைய பழைய சட்டையில் இருந்ததாம். அக்கா தந்தாள். இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. கூடவே என் பொறாமையும் இருக்கிறது. முன்பு ஒரு துணிப்பையின் மீது இருந்த பொறாமை அது. அந்தப் பை இப்போது என் தோளில்தான் தொங்குகிறது. ஒருவர் பொய் சொல்ல, இன்னொருவர் அது தெரிந்தே நம்ப, இருவரும் ஒரே போர்வைக்குக் கீழே மூன்று வருடம் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்களே, இப்போது அதன்மேல்தான் எனக்குப் பொறாமை. அத்தான் எனக்கு விட்டுப்போன சொத்தில் பெரியது இந்தப் பொறாமைதான்.