வேறு பாட்டிலில் ஊற்றாதவர்

விருத்தாசலம் கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்காரர். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பேனா. வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு மருந்து கேட்டால், பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, பிள்ளையின் பேரும் எடையும் எழுதித்தான் கொடுப்பார். "மயங்கிக் கெடக்கும்போது புள்ளையா பேசும்? பாட்டிலுதாங்க பேசணும்" என்பார்.

ஒருநாள் நான் பிரஷர் மாத்திரைக்கு நின்றபோது மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்தி இடுப்பில் மகனோடு வந்தாள். அவனுக்கு ஃபிட்ஸ் வருமாம். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துபாயில் வேலை. மறுநாள் விமானம்.

"இந்த மருந்துக்கு அங்க முன்னாடியே அனுமதி வாங்கணும்மா. இல்லன்னா ஏர்போர்ட்டுலயே புடுங்கிக்குவாங்க. பயணத்தத் தள்ளிப் போடு."

"விசா முடிஞ்சிடும்ண்ணே. இவன் அத்தா இன்னும் புள்ளைய நேர்ல பாக்கல. சத்து டானிக் பாட்டில்ல ஊத்திக் குடுங்க, யாருக்குத் தெரியப்போவுது?"

"ஃபிட்ஸ் வந்தா அங்க டாக்டருக்கும் தெரியாதே, தங்கச்சி. டானிக்குன்னு நெனச்சி அவரு வேற ஊசியப் போட்டுட்டா?"

"ஒங்க புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அவர் மருந்தின் பேரையும் அளவையும் சீட்டில் எழுதி, அங்கே டாக்டரிடம் காட்டச் சொல்லி நீட்டினார். அவள் வாங்காமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

"அங்க ஊத்திக் குடுத்துடுவாங்க" என்றார் என்னிடம்.

அப்படியே நடந்தது. டானிக் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளை சிரித்தபடி போனான். இந்தக் கடைக்காரர் அவள் வாங்காத சீட்டை மடிக்காமல் அப்படியே கையில் வைத்திருந்தார்.

அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தச் சரியால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.